கதையை எழுதியவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ஓடிடி நிறுவனங்களிலும் ஸ்டுடியோக்களிலும் இருந்துகொண்டு, எந்த அறிவியல் புனைவுத் தொடரை எடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்யும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

மாதா மாதம் சந்தா கட்டும் ரசிகன் எழுதுகிறேன். திரையில் ஒரு விண்கலம் பறந்தால் போதும், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடும் ரகம் நான். சுஜாதாவின் ஜீனோவைப் படித்த நாளில் பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை. அதனால் கிராஃபிக்ஸ் சரியில்லை, வேற்றுக்கிரகவாசியின் மூக்கு ரப்பர் மாதிரி இருக்கிறது என்றெல்லாம் குறை சொல்ல வரவில்லை. ரப்பர் மூக்கையும் அட்டைப் பாறையையும் சேர்த்தே ரசித்த கூட்டம் நாங்கள். அதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே கிடையாது.

என் வருத்தம் வேறு. ஒரு நல்ல புத்தகத்தை விலைக்கு வாங்குகிறீர்கள், அதை எழுதியவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். அப்புறம், கதை பாதியில் இருக்கும்போது கடையைச் சாத்திவிடுகிறீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நினைக்கிறேன். கதை எங்கே போகிறது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கேட்கவாவது ஒருவர் இருப்பார்.

முதலில் பழைய கதை. 1966இல் அமெரிக்காவின் என்பிசி சேனலில் ஸ்டார் ட்ரெக் தொடங்கியபோது, தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி செய்த புத்திசாலித்தனமான காரியம், ஏற்கெனவே அறிவியல் கதை எழுதிப் பெயர் வாங்கியிருந்தவர்களைக் கூப்பிட்டதுதான். தியோடர் ஸ்டர்ஜன், ராபர்ட் பிளாக், ரிச்சர்ட் மாதேசன், ஜெரோம் பிக்ஸ்பி, நார்மன் ஸ்பின்ராட், ஹார்லன் எலிசன் எல்லோரும் வந்து எழுதினார்கள். அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். ஸ்டர்ஜன் எழுதிய 'அமோக் டைம்' எபிசோடைப் போட்டுப் பாருங்கள். 1967 செப்டம்பரில் இரண்டாம் சீசனின் முதல் எபிசோடாக வந்தது. அதுவரை ஸ்பாக் என்றால் கூர்க்காது வைத்த, உணர்ச்சி காட்டாத அதிகாரி, அவ்வளவுதான். ஸ்டர்ஜன் வந்து, உணர்ச்சியை இப்படிப் பூட்டி வைத்த ஓர் இனத்தில் கல்யாணம் எப்படி நடக்கும் என்று யோசித்தார். நர்ஸ் சாப்பல் ஆசையாகக் கொண்டுவந்த சூப், கிண்ணத்தோடு பறந்துபோய் நடைவழிச் சுவரில் மோதுகிறது. அந்த ஒரு வீச்சில் ஸ்பாக்கிற்குப் பின்னால் ஒரு கிரகமே இருக்கிறது, அங்கே சடங்கு இருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிற விஷயங்கள் இருக்கின்றன என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

ஸ்பாக்கின் இனமான வல்கன்கள் விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்துக் காட்டும் வணக்கம் முதலில் வந்ததும் அந்த எபிசோடில்தான். சின்ன வயதில் பாஸ்டனில் யூத ஆலயத்தில் பார்த்த ஆசீர்வாதத்தை நினைவில் வைத்து நடிகர் லெனார்ட் நிமாய் சேர்த்தது அது. நீடூழி வாழ்க, வளம் பெறுக என்று அதோடு சொல்லும் வாழ்த்து ஸ்டர்ஜனின் ஸ்கிரிப்டில் இருந்தது. எழுத்தாளர் ஒரு சடங்குக்கு இடம் வைத்ததால்தானே நடிகருக்கு அதில் ஒரு முத்திரை சேர்க்கத் தோன்றியது?

ரசிகர் மடல் என்றாலே உங்களுக்குச் சலிப்பாக இருக்கும், புரிகிறது. ஆனால் ஸ்டார் ட்ரெக் விஷயத்தில் ரசிகர்களைக் கிளப்பிவிட்டவர்களே எழுத்தாளர்கள்தான். தொடர் வந்து மூன்றே மாதத்தில், 1966 டிசம்பரில், எலிசன் முன்னின்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். போல் ஆண்டர்சன், ஃபிராங்க் ஹெர்பர்ட், ஏ. இ. வான் வோக்ட் என்று பெரிய பெயர்களெல்லாம் அதில் இருந்தன. தொடருக்கு ஆபத்து, சேனலுக்கு எழுதுங்கள் என்பதுதான் சாரம். அடுத்த ஆண்டு ரசிகர்களான பியோ டிரிம்பிளும் ஜான் டிரிம்பிளும் நடத்திய மடல் இயக்கத்தில் வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்து, தொடர் மறுபடியும் வரும், எழுதுவதை நிறுத்துங்கள் என்கிற தொனியில் 1968 மார்ச்சில் என்பிசி ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளி மூன்றாம் சீசனோடு முடித்துவிட்டார்கள். உங்கள் துறையின் சில பழக்கங்கள் ரொம்பப் பழசு.

எழுத்தாளர்கள் தங்கமான மனிதர்கள், கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே வந்து வேலை பார்ப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. எலிசன் மாதிரி சண்டைக்காரரைப் பார்ப்பது கடினம். 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எபிசோடுக்கு அவர் எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டில் விண்கலத்திலேயே போதைப்பொருள் விற்கும் ஊழியன் ஒருவன் இருந்தான், பட்ஜெட்டும் எகிறியது. தொடரின் எழுத்தாளர் டோரதி ஃபான்டனா உட்படப் பலர் கை வைத்துத் திருத்தினார்கள். எலிசன் அதை ஆயுசுக்கும் மன்னிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவருடைய மூல ஸ்கிரிப்டுக்கு எழுத்தாளர் சங்க விருது கிடைத்தது, திருத்தி ஒளிபரப்பியதற்கு அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. என்னைக் கேட்டால் ஒளிபரப்பியதுதான் நல்ல எபிசோடு. ஆனால் எலிசன் இல்லாமல் அப்படியொரு எபிசோடே இல்லை. திருத்துங்கள், தாராளமாகத் திருத்துங்கள். திருத்துவதற்கு முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும் அல்லவா?

அதே எலிசன் 1973இல் கனடாவில் எடுத்த 'தி ஸ்டார்லாஸ்ட்' தொடருக்குக் கரு கொடுத்தார். தாங்கள் இருப்பது ஒரு விண்கலம் என்பதையே மறந்துபோன மக்கள். அருமையான கரு. தயாரிப்புத் தரப்பு படுத்திய பாட்டில், தன் பெயரைப் போடாதே, கார்ட்வெய்னர் பேர்ட் என்று போடு என்று சொல்லிவிட்டு வெளியேறினார். அறிவியல் ஆலோசகராக இருந்த பென் போவா அந்த அனுபவத்தை வைத்து ஒரு கிண்டல் நாவலே எழுதிவிட்டார். 16 எபிசோடோடு தொடர் போய்ச் சேர்ந்தது.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது உர்சுலா லெ குவின் விஷயம். ஒரே எழுத்தாளர், இரண்டு தயாரிப்புகள், நடுவில் 24 ஆண்டு. 1980 ஜனவரியில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் அவருடைய 'தி லேத் ஆஃப் ஹெவன்' நாவல் படமாக வந்தது. ஜார்ஜ் ஆர் என்ற சாதாரண மனிதனின் கனவுகள் பலித்துவிடுகின்றன. பலிப்பது மட்டுமில்லை, முன்பிருந்த உலகமே இல்லாமல் போய், எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று எல்லோரும் நம்புகிறார்கள். அவனுக்கு வைத்தியம் பார்க்கும் மனநல மருத்துவர், அந்தக் கனவுகளை வைத்து உலகத்தைச் சீர்திருத்தப் பார்க்கிறார். மக்கள்தொகை அதிகம் என்று அவர் கவலைப்பட்டால், அவன் கனவில் கொள்ளைநோய் வந்து கணக்கை நேர் செய்துவிடுகிறது. நிறவெறி வேண்டாம் என்றால், எல்லோரும் சாம்பல் நிறமாகிவிடுகிறார்கள்.

இதைக் குறைந்த பணத்தில் எடுத்தார்கள். வேற்றுக்கிரகவாசிகள் வருகிற இடங்களில் பணமில்லாதது நன்றாகவே தெரியும். ஆனால் லெ குவின் ஆலோசகராகக் கூடவே இருந்தார், படப்பிடிப்புக்கும் போனார். கதையின் பயம் எதில் இருக்கிறது என்பது எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. படுக்கையில் ஒருவன் கண்ணை மூடுகிறான், பக்கத்தில் மருத்துவர் ஆவலோடு காத்திருக்கிறார், அவ்வளவுதான். வயிற்றைப் பிசையும். பிறகு உரிமச் சிக்கல்களில் படம் பல ஆண்டு முடங்கிக் கிடந்தது. அதில் வந்த ஒரு பீட்டில்ஸ் பாட்டின் உரிமமும் அந்தச் சிக்கல்களில் ஒன்று. 2000இல் வேறொருவர் பாடிய வடிவத்தை வைத்துத்தான் மறுபடி வெளியே கொண்டுவர முடிந்தது. இருபது ஆண்டு பார்க்கக் கிடைக்காத படத்தை ஜனங்கள் நினைவு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2004 டிசம்பரில் சை-ஃபை சேனல் அவருடைய 'எர்த்சீ' புத்தகங்களை எடுத்தது. அது மந்திரக் கதை, அறிவியல் புனைவு இல்லைதான், ஆனால் சேனலும் உங்கள் துறை, பழக்கமும் உங்கள் பழக்கம். ஒப்பந்தத்தில் லெ குவின் ஆலோசகர். யாரும் ஆலோசனை கேட்கவில்லை. புத்தகத்தில் கெட் என்ற நாயகன் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் கறுப்பு, வெள்ளைத் தோல்காரர்கள் ஒரு மூலையில் இருக்கும் சிறுபான்மை. இதை அவர் 1968இலேயே தெரிந்தே எழுதினார். திரையில் கெட் வெள்ளைக்காரப் பையனாக வந்து நின்றான். லெ குவின் பகிரங்கமாகவே எழுதிக் கண்டித்தார். அந்தப் புத்தகத்தைப் படித்து, அட, நாயகன் நம் நிறத்தில் இருக்கிறானே என்று சந்தோஷப்பட்ட வாசகர்கள் இந்தப் பக்கமும் உண்டு என்பதை உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். அதிகப் பணம், கணினி வரைகலை, முந்தையதை விடப் பல மடங்கு வசதி எல்லாம் இருந்தது. இன்று அதை யார் தேடிப் பார்க்கிறார்கள்?

இனி முடிவு பற்றி. ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் 'பாபிலான் 5' தொடரை உருவாக்கிய ஜே. மைக்கேல் ஸ்டிராசின்ஸ்கி ஆரம்பத்திலேயே ஐந்து ஆண்டுக் கதை என்று சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் அப்போது அது பைத்தியக்காரத்தனம். எந்த எபிசோடை எப்போது போட்டாலும் புரிய வேண்டும் என்பதுதான் அன்றைய வியாபார விதி. 1994 ஜனவரியில் வந்த முதல் எபிசோடிலேயே தூதர் லண்டோ, தான் எப்படிச் சாவேன் என்று கனவு கண்டதைச் சொல்கிறார்: இருபது ஆண்டு கழித்து, தன் கை எதிரி இனத்துத் தூதர் ஜிகாரின் கழுத்தில், ஜிகாரின் கை தன் கழுத்தில். ஜிகாரின் நரன் இனத்தின் மேல் லண்டோவின் சென்டாரி இனத்துக்கு இருக்கிற பகை, வழக்கமான வசனம் என்று நாம் கடந்துபோகிறோம். இரண்டு ஆண்டு கழித்து, மூன்றாம் சீசனில் அந்தக் காட்சியைக் காட்டுகிறார்கள். கனவு அப்படியே பலிக்கிறது, ஆனால் அதற்குள் இருவரும் வேறு மனிதர்கள், அந்தக் கைகளுக்கு அர்த்தமே மாறிவிட்டது. பகையில் நெரிக்கிற கழுத்து இல்லை அது. இப்படி ஒரு பலனைப் புத்தகத்தில் தரலாம், நீண்ட தொடரில் தரலாம். இரண்டு மணி நேரப் படத்தில் தரவே முடியாது. உங்கள் கையில் இருக்கும் ஊடகத்தின் பெரிய பலம் இது.

மொத்தம் 110 எபிசோடு, அதில் 92 அவரே எழுதியது. (ராட் செர்லிங்கும் 'ட்வைலைட் ஸோன்' தொடரின் 156 எபிசோடுகளில் 92 எழுதினார். எனக்கு இந்த மாதிரி உபயோகமில்லாத ஒற்றுமைகள் ரொம்பப் பிடிக்கும்.) நாலாம் சீசன் நடக்கும்போது ஒளிபரப்பும் கூட்டமைப்பே ஆட்டம் கண்டது. ஐந்தாவது சீசன் வருமா என்று தெரியாமல் கதையை அவசரமாகச் சுருக்கினார், கடைசி எபிசோடையும் எடுத்து முடித்துவிட்டார். அப்புறம் டிஎன்டி சேனல் ஐந்தாவதுக்குச் சம்மதிக்க, எடுத்து வைத்த முடிவை ஓராண்டு பெட்டியில் பூட்டி வைத்து 1998 நவம்பரில் போட்டார்கள். அதனால் நாலாவது மூச்சு முட்டும், ஐந்தாவதில் சில எபிசோடு இழுவை. அது உங்கள் துறை போட்ட சூடு. அந்தக் கடைசி எபிசோடில் நிலையத்தின் விளக்கை அணைக்க ஒரு டெக்னீஷியன் வருவாரே, அது ஸ்டிராசின்ஸ்கிதான். தானே கட்டியதைத் தானே பூட்டிவிட்டுப் போகிற பாக்கியம் இந்தத் துறையில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கிறது?

'ஃபயர்ஃபிளை' என்ற விண்வெளித் தொடருக்குக் கிடைக்கவில்லை. 2002இல் ஃபாக்ஸ் அதன் முதல் எபிசோடைக் கடைசியாகப் போட்ட அதிசயத்தைப் பற்றி எழுதி எழுதி எல்லோருக்கும் கை ஓய்ந்துவிட்டது, நான் வேறு எதற்கு? நெட்ஃபிளிக்ஸின் இரண்டு ஜெர்மன் தொடர்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீசவும் உருவாக்கிய 'டார்க்' மூன்று சீசன் ஓடி முழுதாக முடிந்தது. கதையில் உலகம் அழியும் தேதி 2020 ஜூன் 27. கடைசி சீசனை அதே நாளில் வெளியிட்டார்கள். குடும்ப மரம் வரைந்து வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் இன்றும் புதியவர்களிடம் அதைச் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறார்கள். அதே இருவர் அடுத்து எடுத்த '1899' தொடருக்கும் மூன்று சீசன் திட்டம் இருந்தது. 2022 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி பிறந்ததும் ரத்து. நீராவிக் கப்பலில் தொடங்கிய கதை 2099இல் ஒரு விண்கலத்தில் கண் விழிக்கிறது, அதோடு சரி. அதை யாருக்குச் சிபாரிசு செய்வது? முடியாத தொடரைப் புதிதாக யாரும் தொடங்க மாட்டார்கள். கணக்குப் பார்க்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதைவிட மோசம், எடுத்ததையே காணாமல் அடிப்பது. 1960களிலும் 70களிலும் பிபிசி 'டாக்டர் ஹூ' நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. நாடா விலை அதிகம், மறுஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு, வீட்டில் வீடியோ பார்க்கும் வழக்கமே இல்லை. காரணமாவது இருந்தது. காணாமல்போன எபிசோடுகளின் ஒலி மட்டும் ஒன்று விடாமல் இன்று கிடைக்கிறது, எப்படி? அந்தக் காலத்துப் பையன்கள் டிவி முன்னால் மைக்கை வைத்து டேப்பில் பிடித்து வைத்திருந்தார்கள். 2022 டிசம்பரில் 'வெஸ்ட்வேர்ல்டு', 'ரெய்ஸ்டு பை வுல்வ்ஸ்' தொடர்களை எச்பிஓ மேக்ஸ் தன் பட்டியலிலிருந்தே தூக்கியதே, அதற்கு நாடா பஞ்சமா?

சரி, புத்தகத்தில் உள்ளதை அப்படியே எடு என்கிறானா இவன் என்று நினைக்காதீர்கள். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' கதைகளில் மனிதர்கள் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள், போரெல்லாம் வெளியே நடந்து முடிந்திருக்கும். ஆப்பிள் 2021இல் தொடங்கிய தொடரில், ஒரே பேரரசரின் பிரதிகள் பையனாக, நடுவயதினராக, கிழவராக ஒரே மேஜையில் சாப்பிட உட்காருகிறார்கள். புத்தகத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. தொடரில் சிறந்த பகுதி அதுதான் என்பேன்.

எழுத்தாளர் உள்ளே இருந்தால் மாற்றம் இன்னும் தைரியமாக நடக்கும் என்பதற்கு, நாவல் வரிசையிலிருந்து வந்த 'தி எக்ஸ்பான்ஸ்' தொடர் போதும். ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் எழுதும் டேனியல் ஏப்ரஹாமும் டை ஃபிராங்கும் முதல் சீசனிலிருந்தே கதை விவாதத்தில் உட்கார்ந்தார்கள், ஸ்கிரிப்டும் எழுதினார்கள். என்ன ஆயிற்று? இரண்டாம் புத்தகத்தில் வர வேண்டிய, ஐ.நா. அதிகாரியான அவசரலா பாட்டி, புடவையும் கெட்ட வார்த்தையுமாக முதல் சீசனிலேயே வந்துவிட்டார். புத்தகத்தில் பல பேர் செய்த வேலையைச் சேர்த்து டிரம்மர் என்ற ஒரே பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவள் புத்தகத்து ஆட்களை எல்லாம் விட மனதில் நிற்கிறாள். வெளியாள் இதைச் செய்திருந்தால் ரசிகர்கள் நாங்களே கொடி பிடித்திருப்போம். எந்தச் சுவரை இடித்தால் கூரை விழாது என்பது வீட்டைக் கட்டிய கொத்தனாருக்குத் தெரியும்.

இயற்பியலும் அப்படித்தான். தொடரை நடத்திய தலைமைப் பொறுப்பாளர் (ஷோரன்னர்) நரேன் சங்கர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். சீரிஸ் என்ற குறுங்கோளைச் சுழற்றி ஈர்ப்பை உண்டாக்கியிருக்கிறார்கள் என்று யாரும் நின்று விளக்கவில்லை. துப்பறியும் மில்லர் கிளாஸில் மது ஊற்றுகிறார், அது நேராக விழாமல் வளைந்து போய் விழுகிறது. கலம் பாதி தூரம் போனதும் திரும்பி, இயந்திரத்தைப் போகிற திசைக்குக் காட்டி வேகத்தைக் குறைக்கிறது. பெருங்காசு செலவழித்த பல படங்களில் இந்தச் சின்ன மரியாதை கிடையாது.

அந்தத் தொடரையும் 2018 மே மாதம் சைஃபை சேனல் நிறுத்தியது. அமேசான் அலுவலகத்துக்கு மேலே காப்பாற்றுங்கள் என்று பதாகை கட்டிய விமானத்தை ரசிகர்கள் பறக்கவிட்டார்கள், ஜெஃப் பெசோஸே மேடையில் அறிவித்துத் தொடரை மீட்டார். நன்றி. அதற்கப்புறம் ஆறாவது சீசனுக்கு ஆறே எபிசோடு கொடுத்து 2022 ஜனவரியில் முடித்துக்கொண்டீர்கள். ஒன்பது புத்தகத்தில் ஆறு முடிந்திருக்கிறது. போதாததற்கு, அந்தக் கடைசி சீசனில் லக்கோனியா என்ற தூரத்துக் கிரகத்தையும், காரா என்ற சிறுமியையும், செத்ததை எழுப்பித் தரும் அந்த விநோத நாய்களையும் காட்டிவிட்டு, அந்தக் கதையை அப்படியே அந்தரத்தில் விட்டிருக்கிறீர்கள்.

ஆகவே என் கோரிக்கைகள் பெரிதாக ஒன்றுமில்லை. எழுத்தாளரை ஆலோசகர் என்று ஒப்பந்தத்தில் போட்டால் உண்மையிலேயே ஆலோசனை கேளுங்கள். 'மர்டர்பாட்' தொடருக்கு அதன் கதையை எழுதிய மார்த்தா வெல்ஸை வைத்துக்கொண்டது போல மற்றவர்களையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சீசன் கதை என்று சொல்லி வருபவரிடம், ஒன்றோடு நிறுத்த நேர்ந்தால் முடித்துக் கொடுக்க ஒரு எபிசோடுக்காவது பணம் ஒதுக்கி வைப்போம் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். தூக்கப் போகிற தொடர்களை டிஸ்க்கிலாவது போட்டு விற்றுவிட்டுத் தூக்குங்கள்.

'எக்ஸ்பான்ஸ்' விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி கூட இருக்கிறது. ஏழாம் புத்தகம் ஆறாவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து நடக்கிறது. நடிகர்களுக்கு வயதாகிறதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, நரைக்கு மேக்கப் செலவு மிச்சம். ஏப்ரஹாமும் ஃபிராங்கும் 2024இலேயே அடுத்த நாவல் வரிசையைத் தொடங்கிவிட்டார்கள், கை நிறைய வேலையோடு இருக்கிறார்கள். அதில் அவர்கள் முழுதாக மூழ்குவதற்குள் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இப்படிக்கு,
லக்கோனியாவுக்குக் காத்திருக்கும் ஒரு ரசிகன்